அப்பாவுக்கு அண்ணன் அனுப்பிய பாக்கெட்டுகள்

என் அண்ணன் கம்பியில்லாக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். அனுப்ப வேண்டிய தகவலை அங்கே துண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். சிக்னல் போகும் பாதையான சேனல் தெளிவாக இருந்தால் பெரிய பாக்கெட், வேகமாக. மங்கினால் சின்னது, மெதுவாக. வந்து சேர்ந்ததென்று மறுமுனை பதில் தந்தால்தான் அடுத்தது. இதைச் சோதிக்க அண்ணன் அந்தக் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிவான், லிஃப்டில் ஏறி இறங்குவான். அதற்குச் சம்பளமும் உண்டு.

இந்த மேதையிடம்தான் என் கல்யாணத்தை ஒப்படைத்தேன்.

என்னோடு வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொள்ள ஆசை. அப்பாவிடம் சொல்ல பயம்.

"நீ வாயத் திறக்காத. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிடுவ. அப்பா மனசு ஏறி இறங்குற சேனல். நான் பாத்துப் பாத்து அனுப்புறேன்" என்றான் அண்ணன்.

அனுப்பினான். அப்பா வயிறு நிறைந்த நேரத்தில், "பையன் நல்ல வேலைல இருக்கான், ஒரே தங்கச்சி, சொந்த வீடு." முட்டி வலிக்கிற நாளில், "மரியாதையானவன்." அவ்வளவுதான். அப்பா "ம்" என்றால் எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவான். "ம்" வராவிட்டால் அதையே மறுபடி சொல்வான். ஒருநாள், எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றான். நானும் அதை நம்பி அவர்கள் வீட்டாரை ஞாயிறன்று வரச் சொல்லித் தொலைத்தேன்.

சனிக்கிழமை, "நாளைக்கு அவங்க வர்றாங்கப்பா" என்றேன்.

"எவங்க?"

வாசலில் நின்ற அண்ணன் பதறினான். "தினமும் சொன்னேனேப்பா. நீங்களும் ம், ம்னீங்களே."

அச்சகத்து இரைச்சலில் காது மந்தமானவர் அப்பா. காதுக்குள் வைக்கும் மிஷின் இல்லாமல் இடி விழுந்தாலும் தெரியாது.

"நீ வந்து உக்காந்ததுமே மிஷினக் கழட்டிருவேன்டா. உன் வாய் நின்னா ம்னு சொல்லுவேன்."

அண்ணனை நம்பியது போதும் என்று நானே ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பா காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "வரட்டும். ஆளப் பாக்குறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அண்ணன் நகரவில்லை. "எப்போலருந்துப்பா கழட்டுறீங்க?"

"நீ வேலைக்குச் சேந்ததுலருந்து. வந்ததும் வராததுமா சிக்னல், சேனல்னு ஆரம்பிப்பியே."

அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

"அப்ப பிரமோஷன் வந்ததச் சொன்னப்பவுமா?"

"பிரமோஷனா? யாருக்கு?" என்றார் அப்பா.