மகள் செய்த பாஸ்தா

எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தையல் விட்டது, ஓட்டை, எண்ணெய்க் கறை என எது இருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பதுதான் என் வேலை.

மகளுக்கு ஒயிட் சாஸ் பாஸ்தா செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். ஷிப்மென்ட் அவசரம், அடுத்தடுத்து மூன்று ஞாயிறும் கம்பெனிக்கே போய்விட்டேன். மூன்றாவது ஞாயிறு மாலை வீடு திரும்பியபோது, பதினோரு வயதுக்காரி தானே அதைச் செய்து, தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஒரு வாய் வைத்தேன். "மைதா கட்டி கட்டியாக் கெடக்குது கண்ணு. உப்புப் பத்துல. பால் வேற அடிப்புடிச்சிருக்குது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அப்ப ரிஜெக்டுங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வாங்கினாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டில் பால் பொங்கிச் சுட்டிருந்த கொப்புளத்தைப் பார்த்தேன். நான் எழுந்து தடுப்பதற்குள் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நானே பாஸ்தா செய்தேன். எனக்கும் மாவு கட்டி தட்டிவிட்டது. அவள் ஒன்று விடாமல் சாப்பிட்டு, "நல்லாருக்குதுங்கம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல் அன்றைக்கு என் வாயில் ஏன் வரவில்லை என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.