ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆல்பம்

எங்களுக்கு நிச்சயமான புதிதில் ஃபோனில் பேசிக்கொள்ள விஷயமே இருக்கவில்லை. நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். தங்கியிருந்தது பெண்கள் விடுதியில். அவருக்கு போச்சம்பள்ளியில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து இடித்து வளைக்கிற பெரிய இயந்திரங்கள் நிற்கும் கூடம் அது. ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிடுவார். "சாப்டீங்களா?" என்பார். "சாப்டேங்க. நீங்க?" என்பேன். அதற்குப் பிறகு என் அறையின் மின்விசிறிச் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவர் கேட்டார், "பாட்டு கேப்பீங்களா?"

"எல்லாப் பாட்டும் கேப்பேங்க."

"எல்லாம் கேப்பேன்னா, ஒண்ணும் கேக்கறதில்லன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கல்லூரி போய்வந்த தனியார் பஸ்ஸில் டிரைவர் என்ன போட்டாரோ அதுதான் என் பாட்டு. ஏறும்போது சாமி பாட்டு, மத்தூர் தாண்டினால் காதல் தோல்வி, சாயங்காலம் திரும்பும்போது குத்துப் பாட்டு. அதில் எது எனக்குப் பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றே ஒரு முழு ஆல்பத்தை அனுப்பிவைத்தார். இங்கிலீஷ் ராக். கூடவே ஒரு செய்தி: "மொத பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா கேளுங்க. நடுவுல மாத்தாதீங்க."

மாந்தோப்பும் ராகியுமாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. பாலிடெக்னிக் படித்தபோது அவருடைய அறைத்தோழர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அந்தத் தோழருடைய அண்ணன் பெங்களூரில் ஏதோ ஒரு குழுவில் கிடார் வாசித்தவராம். அந்த அண்ணன் கொடுத்த ஒரு மெமரி கார்டு நிறைய ஆல்பங்கள். இவருக்கு இங்கிலீஷ் வரிகள் புரியாது. தோழர் ஒவ்வொன்றையும் கன்னடத்தில் சொல்வார். அதனால் எனக்கு விளக்கும்போதும் இவர் வாயில் கன்னடம்தான் முதலில் வரும். "இந்த எடத்துல அவன், ஹோகு, ஆனா மத்தே பா அப்படிங்கறான். போ, ஆனா திரும்பி வந்துடுன்னு." அந்தப் பாட்டுகளெல்லாம் ஓசூரைத் தாண்டிக் கர்நாடகம் தொடங்குகிற அத்திப்பள்ளி எல்லையில் உட்கார்ந்து எழுதியவை என்றே எனக்குத் தோன்றும்.

முதல் ஆல்பத்தைக் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். பாதியிலேயே காதிலிருந்து கழற்றிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கடைசி வரை கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் ஆசையாக.

"தலைவலி வந்துடுச்சுங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார். "இதுவரைக்கும் யாருக்கு அனுப்புனாலும் சூப்பர்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சுடுவாங்க. ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். நீங்க நெசமாலுமே கேட்டிருக்கீங்க." பிறகு நிதானமாகச் சொன்னார், "பாடறவன விட்டுடுங்க. பேஸ் கிடார்னு ஒண்ணு இருக்குது. எல்லாத்துக்கும் அடியில, கம்முனு ஓடிகினு இருக்கும். அத மட்டும் புடிச்சுக்கினு போங்க."

அந்த வாரம் சனிக்கிழமை ஊருக்குப் புறப்பட்டேன். சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளியில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ் நகரவில்லை. ஆட்கள் இறங்கி டீ குடிக்கப் போனார்கள். நான் ஜன்னலோரம் இருந்து அந்த ஆல்பத்தை மறுபடி ஓடவிட்டேன். பாடுகிறவனை விட்டுவிட்டு அடியில் தேடினேன். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. ஆறாவது பாட்டில்தான் பிடிகிடைத்தது. மேலே கிடார்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்க, கீழே ஒரு ஆள் யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல் நடந்துபோவதைப்போல அது போனது. ஓரிடத்தில் மற்ற எல்லாச் சத்தமும் நின்று, அது மட்டும் தனியாக நடந்தது. என் கை முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பஸ் கிளம்பியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் இறங்கியதும், முதல்முறையாக நானே அவரைக் கூப்பிட்டேன். "அந்த ஆறாவது பாட்டுங்க..."

"அதுவா? அது எனக்குப் பிடிக்காதே. எப்பவும் தள்ளி விட்டுடுவேன்."

"நடுவுல மாத்தாதீங்கன்னு எனக்குச் சொன்னீங்களே!"

"சொன்னேன்தான்," என்று இழுத்தார். அன்று ராத்திரியே ஒரு செய்தி வந்தது. "இப்பதான் முழுசா கேட்டேன். இத்தன வருஷம் விட்டுட்டேன் பாருங்க." எனக்குக் கல்யாணத்தின் மேல் இருந்த பயத்தில் பாதி அப்போதே போய்விட்டது.

அதன் பிறகு நானே தேட ஆரம்பித்தேன். ஒரு பெண் பாடுகிற குழு கிடைத்தது. கத்தமாட்டாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்கிற மாதிரி பாடுவாள். அனுப்பினேன். "இதெல்லாம் ராக்கா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. யாரோ ஒருத்தி பாடிய பாட்டுக்காக நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிடித்தது என்று ஒன்று வந்துவிட்டால் அதற்காகச் சண்டையும் போடவேண்டியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணமானதும் ஓசூரில் வீடு பிடித்தோம். அவரும் இங்கேயே வேறு ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்புக்கு மாறிவந்தார். சீர்வரிசையோடு வந்த அலமாரியின் மேல் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை டிஃபன் முடிந்ததும் ஓர் ஆல்பம். ஒரு வாரம் அவருடையது, ஒரு வாரம் என்னுடையது. முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அம்மா வந்திருந்த ஒரு ஞாயிறு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "அந்த மேளம் அடிக்கறவன் ஒருத்தன்தான்டி வேலை செய்றான். மத்தவனுங்கல்லாம் சும்மா கத்திகினு கீறானுங்க," என்றாள். அவர் அதை வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

சில வருஷங்கள் அப்படியே போயின. ஒரு ஞாயிறு, நடு ஆல்பத்தில், அவரே விதியை மீறி எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"இது வீணாப் போச்சு. சிம்பல் சத்தமே வரல."

டிரம்ஸோடு இருக்கும் அந்தப் பித்தளைத் தட்டு எனக்கு ஜல் ஜல்லென்று நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் புது ஸ்பீக்கர் வாங்கிவந்தார். போட்டுக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

பாட்டை நிறுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றார். கம்பெனியில் அந்த வருஷத்து மருத்துவப் பரிசோதனையில் கேட்கும் திறனையும் பார்த்தார்கள். பேச்சுக்குப் பிரச்சினை இல்லை, மேல்ஸ்தாயிச் சத்தங்கள் இனி வராது, இடது காதில் கொஞ்சம் அதிகம் என்றார் டாக்டர். போச்சம்பள்ளியில் சேர்ந்த புதிதில், காதடைப்பான் போட்டால் பக்கத்து ஆள் சொல்வது கேட்காது என்று கழற்றி வைத்திருந்ததை அவரே டாக்டரிடம் சொன்னார். பிரஸ் ஷாப்பிலிருந்து அவரைச் சத்தமில்லாத ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் பாட்டில்லை. நான் என் வாரத்துக்கு எதையாவது போட்டால், கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். "அந்த மெமரி கார்டுல இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்," என்று ஒருநாள் சொன்னார். "எங்க சிம்பல் வரணும்னு தெரியுது. வரமாட்டேங்குது. அந்த எடம் வந்தாலே பல்லு விழுந்த எடத்துல நாக்கு போற மாதிரி இருக்குது."

நான் யோசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்குமே தெரியாத ஓர் ஆல்பத்தைத் தேடினேன். அடித்தொண்டையில் பாடுகிற ஒரு வயதான ஆள். பின்னால் பேஸும், பெரிய வயலின் மாதிரி அடிக்குரலில் ஒலிக்கிற செல்லோவும். அடுத்த ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் போட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் பொத்தானில் வைத்த கையோடு நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார், வலது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி. முடிந்ததும், "நல்லா இருந்துச்சு," என்றார்.

"எதாவது கேக்காம போயிருந்தா?"

"போயிருந்தா போவட்டும். இதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதில்ல."

இப்போது ஞாயிறுகளில் புது ஆல்பங்கள் மட்டும்தான். நல்லதாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சிலது இரண்டு பேருக்கும் பிடிப்பதில்லை. அப்போதும் கடைசி வரை கேட்கிறோம். பழையவற்றை நான் கம்பெனி பஸ்ஸில் போகும்போது தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு எது கேட்ட?" என்று கேட்பார். சொல்வேன். மேஜையின் மேல் விரலால் தாளம் போட்டபடி, கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.