அப்பாவின் பின்னேரங்கள்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அமுதுக்கு வந்து, எங்கள் வீட்டில் கை நனைத்து, இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் சொந்தங்களே, நண்பர்களே, வணக்கம். "அப்பாவப் பத்தி மரியாதையா எழுது. கம்பஸ் கதையெல்லாம் அளக்காத" என்று அம்மா சொல்லியிருக்கிறார். முயல்கிறேன். அழ விரும்புகிறவர்களுக்கு அடுத்த பக்கத்தில் பெரியப்பாவின் கவிதை இருக்கிறது.

அப்பா பிறந்தது ஆரையம்பதியில். அம்மாவைக் கட்டித் தேற்றாத்தீவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பிறக்கும் பிள்ளைகளும் தாயின் குடியையே சேர்வார்கள். கோயில் சடங்கில் எந்த நாள் யாருக்கு, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் அந்தக் குடியை வைத்துத்தான். பிறகு சொல்லப்போகும் விசயத்துக்கு இது தேவை.

தேற்றாத்தீவில் அப்பா சைக்கிள் கடை போட்டார். வெள்ளனத் திறக்கும் கடை பகல் சாப்பாட்டோடு மூடிவிடும். காலையில் அப்பா எல்லாரையும்போல நடப்பார். மதியத்துக்குப் பிறகு இடது பாதம் உள்பக்கம் திரும்பத் தொடங்கும். பின்னேரம் சுவரைப் பிடித்தால்தான் நடை. சிறுவயதில் யாரோ இளம்பிள்ளைவாதம் என்று சொல்லிவிட, அதுவே நிலைத்துவிட்டது. அப்பாவின் தாய்க்கும் அப்படித்தான், தங்கைக்கும் அப்படித்தான். அந்தத் தங்கைதான் ஆரையம்பதி மாமி. எனவே அது அந்தக் குடியின் வருத்தம், பரம்பரை நோய் என்று ஊரும் முடிவு கட்டியது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது ஒரு காலை நேரம். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு ஓட அப்பாவால் முடிந்தது அதனால்தான். "பின்னேரம் வந்திருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல" என்று மற்றவர்கள் பகிடி சொல்வதுபோல் சொல்வார்.

கம்பஸில் இரண்டாம் வருடம், மாலை நேர வலைப்பந்துப் பயிற்சியில் என் இடது பாதம் திரும்பத் தொடங்கியது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "நீ தாய்ட குடி. உனக்கெப்பிடி அது வரும்?" என்று மாமியே சொன்னார். "சப்பாத்து சரியில்ல. மாத்து" என்றார் அப்பா. சப்பாத்தை மாற்றினேன். கால் மாறவில்லை.

கடைசியில் ஒரு நரம்பு டொக்டரிடம் போனேன். "வெள்ளன எழும்பக்குள்ள எப்பிடி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார். அப்பாவுக்கு இருக்கிறது, ஆனால் நான் அம்மாவின் குடி என்றேன்.

"குடி தாயால வரட்டும், தங்கச்சி. வருத்தம் தகப்பனாலயும் வரும்."

முன்பு ஒவ்வொரு நோயாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து, வருடக்கணக்கில் அலைவார்களாம். இப்போது ஒரு முறை எடுத்த இரத்தத்தில், பரம்பரையாக வரும் அரிய நரம்பு நோய்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடுகிறார்கள். என் இரத்தம் வெளிநாடு போனது. கம்பஸ் பரீட்சை முடிவு வர முன்னமே அதன் முடிவு வந்துவிட்டது.

அந்த இரத்த முடிவு வருவதற்கு முந்தின நாள் அப்பா கடையில் பெடல் ஒன்றைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தா அம்மாக்கிட்டச் சொல்லு. எனக்கிட்டச் சொல்லாத."

"ஏன் அப்பா?"

"நான் தந்ததெண்டு வந்தா, ஒன்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

"இந்த மூக்கையும் நீங்கதான் தந்த. அதுக்கு ஒரு நாளாவது கவலப்பட்டிருக்கிறீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. பெடல் சுற்றிக்கொண்டே இருந்தது.

முடிவு வந்ததும் டொக்டர் அப்பாவையும் வரச் சொன்னார். கோட்டுக்கு வழக்குக்குப் போகிறவர்போல வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூளைக்குத் தேவையான ஒரு பொருள் எங்களுக்குப் போதிய அளவு ஊறுவதில்லை என்று டொக்டர் விளக்கினார். நித்திரையில் கொஞ்சம் சேர்கிறது. பொழுதுபட முன்னமே தீர்ந்துவிடுகிறது. பிள்ளைவாதம் இல்லவே இல்லை.

"அப்ப நான் குடுத்ததுதான்?"

"ஓம், ஐயா. ஆனா இதுக்கு மருந்து இரிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே குளிசைதான்."

அப்பா என்னைப் பார்த்தார். "பாதிப் பாதியாப் போடுவமா?" என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் மறுபடி சிரிப்பைக் கண்டேன். அவருடைய இரத்தமும் சோதிக்கப்பட்டது. அதுவும் அதையே சொன்னது.

குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம் அப்பாவைக் காணவில்லை. அம்மா பதறிக்கொண்டு ஓடினால், கடை திறந்தபடி கிடக்கிறது, அப்பா கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு டியூப் ஒட்டுகிறார். பொழுதுபட்ட பிறகு அந்தக் கடை திறந்திருந்ததே இல்லை என்பதால் அதற்கு ஒரு பல்பு கூட இருக்கவில்லை. அடுத்த நாளே பல்பு வந்தது. அந்த முறை அம்மன் சடங்கில், மாலை ஊர்வலத்தோடு ஊரை முழுதாகச் சுற்றி வந்தார். "இந்த மனிசன் இனி வீட்டில நிக்காது" என்றார் அம்மா. நிற்கவும் இல்லை. வாவிக்கரை, கோயில் வீதி, சந்தி எல்லா இடமும் பின்னேரம் எப்படி இருக்கும் என்று பார்த்து முடித்தார்.

மாமியை மட்டும்தான் அவரால் அசைக்க முடியவில்லை. மகனுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் வருத்தம் என்று பேர் வந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று, சோதனைக்கு இரத்தம் கொடுக்க மாமி மறுத்துவிட்டார். அப்பா சைக்கிளில் ஆரையம்பதிக்குப் போய்ப் போய், "நானும் ஒன்னப்போலதான் பயந்த. என்ட புள்ளயப் பாரு, என்ன குறஞ்சு போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாகப் போய்வந்த மறுநாள் காலை, கடை திறந்த கையோடு அப்பாவின் இதயம் நின்றது. நோவு எதுவும் படவில்லை. கால்கள் கடைசி வரைக்கும் நன்றாகவே இருந்தன.

அப்பாவை அடக்கம் செய்த நாள், காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் வந்தவர்களையெல்லாம் வாசலில் நின்று வரவேற்றேன். மாமி ஒரு மூலையில் இருந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு கிட்ட வந்தார்.

"ஒருக்காக் கூட இருக்கல்லியே, புள்ள?"

"இல்ல, மாமி."

"அமுது முடியட்டும். டொக்டரிட்ட என்னையும் கூட்டிப் போ. என்ட மகனையும்தான்."

எங்கள் அப்பாவுக்கு மருந்து கண்ட டொக்டருக்கும், தாதிமாருக்கும், எங்கள் இரத்தத்தைப் படித்த முகம் தெரியாதவர்களுக்கும், பந்தல் போட்டு, சமைத்து, கூடவே நின்ற அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்னேரமானால் கால் இழுக்கிற சொந்தக்காரர் வேறு யாராவது இருந்தால், எந்தக் குடி என்று யோசிக்காமல் வாருங்கள். பின்னேரங்களில் கடையில்தான் இருப்பேன். பல்பு எரியும்.

மாமி, நீங்கள் சொன்னது அச்சில் வந்துவிட்டது. இனி மாற்ற ஏலாது. திங்கட்கிழமை வெள்ளன வெளிக்கிட்டு நில்லுங்கள்.