வெள்ளைத் துணியும் என் வேர்வைக் கையும்

பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு நடுங்காத கை வேண்டும், ஈரமில்லாத கை வேண்டும். எனக்கு முதலாவது மட்டும்தான் வாய்த்தது. காரணமே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஊறும் ஆட்களே, இது உங்களுக்கு. மற்றவர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

என்ன கலர்?

கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுக்க வேண்டும். கருப்பு, நேவி ப்ளூ என்றால் ஈரம் பட்டாலும் தெரியாது. வெள்ளையில் பட்டால் காய்ந்ததும் பழுப்பு வளையம் நிற்கும். அதனால் வெள்ளை ஆர்டர் வந்தால் நான் கம்பெனி மாறிவிடுவேன். காரணம் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருமுறை மண்ணரை என்ற ஊரில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். மேனேஜர் சம்பளம் பேச ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "என்ன கலர் ஓடுது?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏனுங்க, கட்டிங்குக்கு வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

பவுடர் வைத்தியம்

நீங்களும் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன், இப்போது இருக்கும் கம்பெனியில். கை நிறைய முகப் பவுடரைப் பூசிக்கொண்டு மேசைக்குப் போனேன். கால் மணி நேரத்தில் பவுடரும் வேர்வையும் சேர்ந்து மாவாகிவிட்டது. அன்று நேவி ப்ளூ. மேல் அடுக்கு முழுக்க ஐந்து விரலும் அச்சாக விழுந்தது. வெட்டிய துணியில் குறை பார்க்கும் செக்கிங் சரஸ்வதி ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "டிசைன் நல்லாத்தானுங்க இருக்குது மாஸ்டர். ஆர்டர் குடுத்த பையர்தான் கேக்கல."

கைரேகை மெஷின்

அதே கம்பெனியில் வாசலில் விரல் வைத்தால்தான் வருகைப் பதிவு. என் விரலை மெஷின் ஏற்காது. வேட்டியில் துடைத்து வைப்பேன். ஏற்காது. ஊதி வைப்பேன். ஏற்காது. பின்னால் வரிசை வளரும். ஒரு நாள் ஆறாவது தடவை விரலை எடுத்தபோது கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. பின்னால் நின்ற பீகார்க்காரர் என் தோளைத் தொட்டார். "அண்ணா, விடுங்க. மெஷின் அழுவுது."

குழந்தைத் துணி

சிரித்தது போதும். இந்த வருஷம் முதலாளி கைக்குழந்தைகளுக்கான துணி ஆர்டர் பிடித்தார். அத்தனையும் வெள்ளை. எனக்கு அறுபத்திரண்டு வயது. இந்த வயதில் கம்பெனி மாறினால் எவன் சேர்ப்பான்? சாம்பிளிலேயே ஏழு பீஸில் கறை. கையுறை போட்டேன், அரை மணியில் அதுவும் ஊறிவிட்டது. போதாததற்கு, கத்தி மெஷினின் பிடி கையில் வழுக்கியது. அதை முதலாளி பார்த்துவிட்டார்.

என் மகன் வயது. நல்ல மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆர்டர் வெட்ட இன்னும் ஒன்றரை மாசம் இருக்குதுங்க மாஸ்டர். அதுக்குள்ள கை சரியாகலீன்னா, ஸ்டோர்ல உக்காந்து பட்டன எண்ணிக்கோங்க."

இரண்டு தட்டுத் தண்ணீர்

மறுநாளே தோல் டாக்டரம்மாவிடம் போனேன். சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, "இது அளவுக்கு மீறி வேர்க்கிற ஒரு வியாதி, இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒருத்தனும் சொல்லவில்லையே. நான் யாரையும் கேட்கவும் இல்லை, அது வேறு.

முதலில் ஒரு மருந்து தடவச் சொன்னார். எரிந்தது. வேர்வை பாதிதான் குறைந்தது. அடுத்தது, இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, கைக்கு ஒன்றாக வைத்து, லேசாகக் கரண்ட் விடுவதாம். மோதிரத்தைக் கழற்றச் சொன்னதுமே நான் எழுந்துவிட்டேன். நர்ஸ் வழியை மறித்தாள். "நாள் பூரா கரண்டுக் கத்தியப் புடிக்கறீங்க. தட்டுத் தண்ணிக்கு இந்தப் பயமுங்களா?"

உட்கார்ந்தேன். எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

ஊத்துக்குளி பஸ்

வாரம் மூன்று தடவை போனேன். இரண்டு வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஊத்துக்குளி போனோம். பஸ்ஸில் ஏற முடியாமல் தடுமாறிய மனைவிக்குக் கை கொடுத்து இழுத்தேன். ஏறியவள் கையை விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, யாரு கையிங்க இது?"

முதல் அடுக்கு

வெட்டும் நாள் வந்தது. முதலாளி மேசைக்கு எதிரே வந்து நின்றுகொண்டார். வெள்ளைத் துணியை விரித்தேன். தடவினேன். கையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மெஷின் பிடியும் வழுக்கவில்லை. வெட்டி முடித்ததும் சரஸ்வதி ஒவ்வொரு பீஸாக விளக்கு வெளிச்சத்தில் புரட்டினாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது முதலாளி ஸ்டோர் நாற்காலிக்கு வேறு ஆள் தேடச் சொல்லிக்கொண்டிருந்தார். சரஸ்வதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுலயும் கறை இல்லீங்க. அடுத்தத வெட்டுங்க மாஸ்டர், நிக்காதீங்க."

கால் இன்னும் வேர்க்கிறது. கைக்கும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தட்டுத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

ஊருக்கே தைத்துப் போடத் துணி வெட்டிய கையை ஒரு டாக்டர் முன்னால் நீட்டுவதற்கு எனக்கு அறுபத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது, நீங்களாவது சீக்கிரம் நீட்டித் தொலையுங்கள்.