கண்டக்டர் தேர்ந்தெடுத்த புத்தகங்கள்

கதை ஆட்டத்துக்கான புதிய புத்தகம் கைக்கு வந்தால் கண்டக்டர் அட்டையைப் பார்க்கமாட்டார். முன்னுரையைச் சீந்தமாட்டார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில்தான் நிற்பார். ஆட்டக்காரர்களில் ஒருவர் வராமல் போனால் என்ன செய்வது என்று எழுதியிருக்கும் இடம் அது. பல புத்தகங்களில் அப்படி ஓர் இடமே இருக்காது. அவற்றை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். வருடக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸ், இது ஆஸ்பத்திரி, விரலை வாயில் வைக்காதீர்கள் என்று திட்டுவதை மட்டும் விடவில்லை.

கண்டக்டர் என்பது அவருடைய பழைய வேலை. பஸ்ஸில் நின்று நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் அறையில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பு எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும், ஒளிக்க முடியாது. பிறகு இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுற்றிச் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. சுவரில் ஒரு டி.வி. உண்டு. அதில் எப்போது பார்த்தாலும் யாராவது எதையாவது குடித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்ப்பவர்களுக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்திருக்கிறது.

இந்த ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் மகள். ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். மந்திரவாதி, வீரன், திருடன் என்று யாராகவும் இருக்கலாம். பூட்டைத் திறக்கிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். கதையைச் சொல்லி ஆட்டத்தைக் கொண்டுபோகிறவர்தான் நடத்துநர்.

அதைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியிலிருந்த டீச்சர், "அப்ப உங்களுக்கு வேலை போகலை கண்டக்டர் சார், ரூட்டுதான் மாறியிருக்கு" என்றார். அன்றே ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. அவர் எடுத்துக்கொண்ட வேடம் கோடரி ஏந்திய அரக்கன். ஜன்னலோரம் உட்காரும் பெயிண்டர் மூன்றாவதாகச் சேர்ந்தான். கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தவன், மூவரிலும் இளையவன். எந்தப் பூட்டையும் திறக்கிற சாவிக்காரி என்ற வேடத்தை அவன் எடுத்துக்கொண்டான். பகடையை உருட்ட ஓர் இடம் வேண்டுமே என்று நர்ஸ் சிறுநீரக வடிவில் வளைந்த ஒரு கிட்னி டிரேயைக் கொடுத்தாள். "இந்த ரூம்ல ஒழுங்கா வேலை செய்யற கிட்னி இது ஒண்ணுதான்" என்றான் பெயிண்டர். டீச்சர் சிரித்த சிரிப்பில் ஊசி நகர்ந்து மெஷின் கத்தியது.

ஆட்டத்தை உண்டாக்கிய கம்பெனியின் மூலப் புத்தகம் அவர்களிடம் இருந்தது. அதோடு சேர்த்து ஆடுவதற்கு, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாட்கள் எழுதிய புத்தகங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஒன்றில் புதிய ஊர் இருக்கும், ஒன்றில் புதிய பூதம், ஒன்றில் புதிய விதி. தனியார் பஸ் மாதிரிதான் இதுவும் என்பார் கண்டக்டர். பெர்மிட் இருக்கும், ரூட்டும் அதேதான். டிரைவர் எப்படி என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரியும். மகள் அவற்றைக் கணினியில் தேடி, பிரிண்ட் போட்டு எடுத்து வருவாள். இவர் மெஷினில் கிடந்தபடி ஒவ்வொன்றாகச் சலிப்பார். பெரிய வரைபடத்தை விரித்துக் காய்களை நகர்த்தவேண்டிய புத்தகம் வேண்டாம், இங்கே ஆளுக்கு ஒரு கைதான் இருக்கிறது. நீளமான சண்டை உள்ளதும் வேண்டாம், மூன்றாவது மணி நேரத்தில் யாருக்காவது பிரஷர் இறங்கிவிடும். ஒருமுறை பாலைவனக் கதை ஒன்று வந்தது. அதில் ஒவ்வொரு வேடமும் தினம் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று கணக்கு வைக்க வேண்டுமாம். கண்டக்டர் அதைப் படித்துக் காட்ட, அதுக்கு ஏன் கதை, நம்ம டாக்டரே போதுமே என்றார் டீச்சர்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் பார்த்தது அந்த வராமல் போகிறவருக்கான பக்கத்தைத்தான். அந்த அறையில் நாற்காலிகள் காலியாகும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் வந்து பார்த்தால் புதுத்துணி விரித்து வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இடையில் ஆட்டத்தில் சேர்ந்து அப்படிப் போனவர்களின் வேடங்களைக் கதைக்குள் கண்டக்டர் பத்திரமாக எங்காவது அனுப்பி வைத்திருக்கிறார். ஒருவன் கப்பலேறிப் போனான், ஒருத்தி ராணியின் சேவகத்தில் சேர்ந்தாள். ஓர் ஆள் கழன்றாலும் ஓடக்கூடிய கதைதான் அவருக்கு வேண்டும்.

அப்படிப்பட்டவர்தான் இழைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தச் சமயத்தில் பெயிண்டர் மட்டம் போடத் தொடங்கியிருந்தான். ஒரு முறை தப்பினால் அடுத்த முறை முகம் வீங்கி, மூச்சு இழுத்து இழுத்து வருவான். டாக்டர் திட்டினார். அவன் மனைவி வாசலிலேயே நின்று அழுதாள். இழைப் புத்தகத்தில் வேடங்கள் இரண்டிரண்டாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் இழையால் கட்டப்பட்டிருக்கும். ஒருவருக்குப் பட்ட அடியில் பாதி மற்றவருக்குப் போகும். ஒருவர் வராவிட்டால் அவருடைய இணைக்குப் பலம் குறையும். தொடர்ந்து வராவிட்டால் இருவருமே விழுவார்கள். வேறு சமயமாக இருந்தால் அதைப் படித்த மறுகணமே கண்டக்டர் புத்தகத்தை ஒதுக்கியிருப்பார். அன்று ஒதுக்கவில்லை. சாவிக்காரியையும் அரக்கனையும் சேர்த்துக் கட்டினார். என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தார்.

பெயிண்டர் அதன் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை. அவன் மனைவி கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டாள்.

ஆனால் அவன் உடம்பு தேறவில்லை. கால்விரல்கள் கறுத்தன. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதிப் பாதத்தை. இதயமும் களைத்துப்போயிருந்தது. மெஷின் போட்ட சிறிது நேரத்தில் பிரஷர் சரசரவென்று இறங்கும். நர்ஸ் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கி வைப்பாள். ஒருநாள் டாக்டர் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். டயாலிசிஸை நிறுத்திக்கொள்வதும் ஒரு முடிவுதான், வீட்டில் கலந்து சொல்லுங்கள் என்றார். வீட்டில் அவன் மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

அதற்கு அடுத்த முறை, டீச்சர் இன்னும் வராத நேரத்தில், பெயிண்டர் கண்டக்டர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வேற புத்தகம் எடுங்க."

"ஏன் தம்பி, இது நல்லாத்தானே போகுது?"

"நல்லாத்தான் போகுது. நான் வரலைன்னா டீச்சரோட அரக்கன் படுத்துடுவான், அதனால வர்றேன். வீட்ல ஒருத்தி கட்டி வச்சிருக்கா. இங்க நீங்க கட்டி வச்சிருக்கீங்க. ஒரு ஆளுக்கு எத்தனை கயிறுண்ணே?"

"வெறும் கதைதானே தம்பி."

"கதைதானே, அவுத்து விடுங்க."

பார்க்கிறேன் என்று மட்டும் கண்டக்டர் சொல்லி வைத்தார்.

பெயிண்டர் வீட்டிலும் இதைச் சொல்லியிருக்கவேண்டும். அந்த வாரமே, எடை பார்க்கும் இடத்தில் அவன் மனைவி கண்டக்டரை வழிமறித்தாள். "அண்ணே, டாக்டர் பேச்சையும் அவர் கேட்கறதில்லை, என் பேச்சையும் கேட்கறதில்லை. உங்களுக்காகத்தான் வர்றாரு. அந்த ஆட்டத்தை மட்டும் மாத்திடாதீங்க. கூடப் பொறந்த தங்கச்சி கேட்கறான்னு நினைச்சுக்கோங்க." கண்டக்டர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

புத்தகம் தேடும் வேலை நடந்தது. மகள் கொண்டுவந்த ஒவ்வொன்றிலும் அவர் குற்றம் கண்டார். ஒன்றில் எழுத்து பொடி, இன்னொன்றில் பேய் அதிகம், வேறொன்றில் கதை நொண்டுகிறது. மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நீங்க புத்தகம் தேடலை. சாக்கு தேடறீங்க." அவர் கோபப்பட்டிருக்கலாம். அவள் சொன்னது உண்மையாக இருந்ததால் முடியவில்லை.

கடைசியாக அவள் கொண்டுவந்தது மெல்லிசாக ஒன்று. எழுதியவர் பெயர்கூட இல்லை. பிழை மலிந்த எழுத்து, கோணல்மாணலாகக் கையால் வரைந்த படங்கள். அதில் ஒரே ஒரு விதிதான் புதிது. எந்த வேடமும் தான் விரும்பிய இடத்தில் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டு நின்றுகொள்ளலாம். அதோடு எப்படிப்பட்ட கட்டும் விட்டுப்போகும்; கட்டுண்டவருக்கு ஒரு சேதமும் வராது. அதைத் தடுக்க மற்றவர்கள் பகடை உருட்ட முடியாது.

கண்டக்டர் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்தில் பெயிண்டருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சதை கல்லாக இறுகிவிட்டது. எதிர் நாற்காலியில் அன்றுதான் முதல்முறையாக வந்திருந்த ஒரு பெண், எல்லாவற்றையும் மிரண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்துவிடக் கூடாதென்று பெயிண்டர் போர்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தான். கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. கண்டக்டர் அந்தத் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு புத்தகம் கொண்டுவர வேண்டாம் என்று அன்று மாலை மகளிடம் சொன்னார்.

அடுத்த ஆட்டத்தில், இன்றிலிருந்து இந்தப் புத்தகம் என்று அறிவித்து, அந்த விதியை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினார். பிறகு கதையைத் தொடங்கினார். அரக்கனும் சாவிக்காரியும் ஒரு மலைக்கோட்டையின் வாசலை அடைகிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் நிழல் இருக்கிறது, உட்காரக் கல் இருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

பெயிண்டர் அவசரப்படவில்லை. "சாவிக்கொத்தை அரக்கன் கையில குடுக்கறேன்" என்றான். "நான் இந்தக் கல்லுலயே உட்கார்ந்துக்கறேன்."

டீச்சரின் கை பகடைக்குப் போய்விட்டது. "நான் அவளைத் தூக்கிட்டுப் போறேன். எனக்குப் பலம் இருக்கு. போடறேன்."

"இதுக்குப் பகடை இல்லை டீச்சர்."

டீச்சர் பகடையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டார். பிறகு அவர், "சரி, அரக்கன் சாவியை வாங்கிக்கறான்" என்றார். பெயிண்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். அன்று அவனுக்குப் பிரஷர் இறங்கவில்லை.

அதற்கு அடுத்த முறை அவன் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை.

கண்டக்டர் அவன் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இரண்டு அறை வீடு. கதவைத் திறந்த மனைவி வாங்க என்று சொல்லவில்லை. "அவுத்து விட்டுட்டீங்களாமே" என்றாள். சத்தம் போட்டிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். வழியை விட்டு விலகி நின்றாள். பெயிண்டர் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். பேச்சு துண்டுதுண்டாக வந்தது. "அண்ணே, ஒரு ஜக் தண்ணி குடிச்சேன். ஒரே மூச்சுல. முழுசா." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெற்றி இருந்தது. அவன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான். சாவுக்குக் கண்டக்டர் போனார். டயாலிசிஸ் நாள் என்பதால் கடைசிவரை இருக்க முடியவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் இப்போது ஒரு லாரி டிரைவர் உட்காருகிறார். போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு நான்கு மணி நேரமும் தூங்குகிறார். கண்டக்டரும் டீச்சரும் இரண்டு பேராகவே ஆடுகிறார்கள். மூலப் புத்தகம் மட்டும்தான், வெளிப்புத்தகம் எதுவும் கிடையாது. தான் செய்தது சரியா என்று அவர் டீச்சரிடம் கேட்டதில்லை, டீச்சரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பெயிண்டரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கண்டக்டர் எதிரில் வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அவரும் கூப்பிடுவதில்லை.