உப்புக்கு ஒரு மனு

நெத்திலி வறுவலில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, பக்குவம் சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மல்சுன் அக்கா அதைக் கெடுக்கிறார். ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்சம் யோசித்து இன்னொரு சிட்டிகை. டப்பாவை மூடி, மேலே வீட்டு எண்ணை எழுதுகிறார்.

"இந்த வீட்ல எட்டு நாளா சத்தமே இல்ல. இதத் தின்னுட்டுத் திட்டாமலா இருந்துடுவாங்க?"

தென்கொரியாவின் பூசான் நகரில், யோங்டோ தீவின் மலைப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது எங்கள் சமூக நல மையம். அக்கா அதன் அடுக்களைக்குப் பொறுப்பு. வாரம் இரண்டு தடவை அறுபது வீடுகளுக்குக் கிம்சி ஊறுகாயும் தொடுகறிகளும் அனுப்புவார். நான் குடும்ப நெருக்கடிப் பிரிவு ஆலோசகன். எனக்குப் பட்டம் இருக்கிறது, சோபா இருக்கிறது, கண் துடைக்கக் காகிதம் இருக்கிறது, ஒரு செடியும் இருக்கிறது. நான்கு வருடத்தில் செடி நன்றாக வளர்ந்தது. ஆள்தான் தானாக வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் பட்டினி கிடந்தாலும் வீட்டில் கஷ்டம் என்று வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் தெருவிளக்கு கண் சிமிட்டினால் மனு, பக்கத்து வீட்டு நாய் இருமினால் மனு. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் பட்டம் வாங்கிய நானல்ல, அக்கா.

"உதவி கேட்டு வரத்தான் கூச்சம் தம்பி. குறை சொல்ல என்ன கூச்சம்? அது உரிமையாச்சே!"

திட்ட வருகிறவரைப் பெஞ்சில் உட்கார வைத்து வாற்கோதுமைத் தேநீர் கொடுப்பார். மூன்றாவது மடக்கில் உப்புக் கதை முடிந்து வீட்டுக் கதை ஆரம்பிக்கும். அப்போது அகப்பையால் என் அறையைக் காட்டுவார். சாப்பாட்டைப் பற்றி இத்தனை புகார்களா என்று மையத்தின் இயக்குநர் கடிந்துகொண்டால், இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையைக் கழற்றாமலே கும்பிட்டு வழியனுப்பிவிடுவார். பாராட்டினால்தான் அக்காவுக்கு முகம் சுருங்கும். "ருசி நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிறானே, அவனை மட்டும் நம்பவே கூடாது."

ஏப்ரலில் மேல்படிக்கட்டு வீட்டு ஒக்ரான் வந்தாள். "அக்கா, அரிசி வர்ற அட்டைப்பெட்டி நாலு கிடைக்குமா? குளிருக்குப் போட்ட துணியெல்லாம் எடுத்து வைக்கணும்." அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "துணிக்கு ஒண்ணு போதும். நாலுன்னா ஒரு குடும்பமே பிரியுது."

விசாரித்தால் அப்படித்தான். அவள் கணவன் இன்க்யூவுக்குக் கப்பல் பட்டறை வேலை போய் ஆறு மாதம். ஒரே வீட்டில் பேச்சு நின்று ஒரு மாதம், சாப்பாடுகூடத் தனித்தனி. மாதக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு உல்சான் நகரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று ஒக்ரான் முடிவு செய்திருந்தாள். மல்சுன் அக்கா அந்த வீட்டுக்கு இரண்டு டப்பா கட்டினார். அவன் பெயர் எழுதியதில் உப்பைக் கொட்டினார். அவள் பெயர் எழுதியதில் உப்பே போடவில்லை.

குறை கேட்கும் நேரம் வியாழன் பதினொரு மணி. இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு வாசல் வழியாக.

"வீட்டுக்கு ஒரு மனுதான். சட்டம்," என்றார் அக்கா. அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஒரு தாள், ஒரு பேனா, ஒரே பெஞ்சு.

"வாயில வைக்க முடியல, ஒரே கரிப்புன்னு எழுதுங்க சார்," என்றான் இன்க்யூ என்னிடம்.

"உப்புச் சப்பே இல்லன்னு எழுதுங்க சார்," என்றாள் ஒக்ரான், அவளும் என்னிடம்.

"நான் எதைன்னு எடுத்துக்க? ரெண்டு பேரும் பேசி ஒண்ணா எழுதிக் குடுங்க," என்று அக்கா திரும்பி நின்று அண்டா தேய்க்கத் தொடங்கினார். குழாயைத் திறக்கவில்லை. காது கேட்க வேண்டுமே.

பேனாவை இன்க்யூதான் எடுத்தான். தாளைப் பார்த்தே சொன்னான்: "அவளுக்கு உப்பு இல்லாமயே இருக்கட்டும். பிரஷர் இருக்கு. மாத்திரையும் பாதி நாள் மறந்துடுறா."

"அது பாப்பாவோட அப்பாவுக்கு எப்படித் தெரியுமாம்?" என்றாள் ஒக்ரான், இன்னும் என்னிடம்தான்.

"தினம் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாக்குறேன்ல."

ஒக்ரான் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "எண்ணத் தெரியுது, கேக்கத் தெரியாதா? ஆறு மாசமா சுவரு மாதிரி உக்காந்திருந்தீங்களே, நான் யார்கிட்டப் பேசுறது?"

அங்கே பிடித்த சண்டை என் சோபாவில்தான் முடிந்தது. என் செடி அதற்கு முன் அப்படியொரு சண்டையைக் கேட்டதில்லை. அடுத்த வியாழனும் வந்தார்கள், அதற்கடுத்ததும்.

மே மாதம் முதல் வாரம். இன்க்யூ அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்தான். மூன்றுதான் இருந்தன.

"நாலாவது எங்கப்பா?" அக்கா இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"பாப்பா பொம்மைக்கு வீடு கட்டிட்டா அக்கா, தர மாட்டேங்குறா. இனிமே ஒரே டப்பா போதும், பெரிசா." படியிறங்கப் போனவன் திரும்பினான். "நேத்து அனுப்பினது ருசி ரொம்ப நல்லா இருந்துச்சு."

அக்காவின் முகம் சுருங்கியது. பெரிய டப்பா ஒன்றை எடுத்து நெத்திலியை நிரப்பினார். கை உப்பு ஜாடிக்குப் போனது. ஒக்ரானின் பிரஷர் ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியில் நின்றது. பிறகு பக்கத்து ஜாடியைத் திறந்து, மிளகாய்த்தூளை ஒரு கரண்டி அள்ளிப் போட்டு மூடினார்.