ஒன்றாம் கியர் இருந்த இடம்

கராஜ் தொழிலில் வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரன், நின்றால் அதைத் திருத்திய பாஸ் மடையன். கையில் கிரீஸோ சிமெந்தோ பூசிக்கொண்டு வயிறு கழுவுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வயிறெரியுங்கள்.

ஆறு வேண்டும்

பதுளையில் இருக்கும் என் கராஜுக்கு வருவதெல்லாம் ஓட்டோவும் வெலிமடை மரக்கறி லொறியும்தான். கார்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்படியிருக்க, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கும் சந்திரன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, நேராக என்னிடம் கொண்டுவந்தான். அதிலிருந்த ஐந்து கியர் பொக்ஸைக் கழற்றிவிட்டு, வேறொரு மொடலின் ஆறு கியர் பொக்ஸைப் பூட்ட வேண்டுமாம்.

இதை ஒழுங்காக முடித்தால் இனி நாலு கார் வரும், நானும் ‘கார் பாஸ்’ என்று பேர் எடுத்துவிடலாம் என்று எனக்கு நப்பாசை. இருந்தாலும் மனது கேட்கவில்லை. “நம்ம தோட்டத்து ரோட்டுல மூணுக்கு மேல போட வழியில்லையே தம்பி” என்றேன்.

“போடுறதுக்கா அண்ணே கேக்குறேன்? ஆறு இருக்குன்னு சொல்லிக்கத்தான்.”

செல்வத்தின் லேத்

புது பொக்ஸ் நீளம் கூட. பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்டை வெட்டிக் குறுக்க வேண்டும். பொக்ஸைத் தாங்கும் பிராக்கெட் பொருந்தவில்லை. கியர் தடி வேறு இடத்தில் முளைத்ததால் காரின் தரையையும் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துக்கொண்டு லேத்காரர் செல்வத்திடம் ஓடினேன். அவர் காரைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“காருக்கு கியர்பொக்ஸ் பூட்டுவாங்க. நீங்க கியர்பொக்ஸுக்கு காரப் பூட்டுறீங்களே!”

தொடமாட்டான்

வேலை அருமையாக அமைந்தது. ஒரே ஒரு விஷயம்தான்: பழைய பொக்ஸில் ஒன்றாம் கியர் இருந்த இடத்தில் இதில் ரிவர்ஸ். சந்திரனின் கையைப் பிடித்துத் தடியைத் தள்ளிக் காட்டினேன். தடியின் தலையில் கியர் வரிசை போட்ட புதுக் குமிழ் பூட்டிக் கொடுத்தால், வடிவாக இல்லை என்று கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினான். ஒரு சுற்று ஓட்டிப் பழகச் சொன்னேன். பூசைக்கு முன்னால் முடியாது என்றான்.

“புது பொக்ஸுக்கு சாமி கும்புடாம நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். கோயிலுக்கு நீங்களே ஓட்டிட்டு வாங்க.”

நசுங்காத பழம்

தோட்டத்துக் கோயில் வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள், நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாதி லயத்துச் சனம் கூடி நின்றது. சந்திரன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும், “தம்பி, ரிவர்ஸ் கவனம்” என்றேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

பழக்கதோஷத்தில் பழைய ஒன்றாம் கியரைப் போட்டு ஒரு மிதி மிதித்தான். கார் மாலையோடு பின்னால் பாய்ந்து, பின்பக்கம் நசுங்கி ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கியது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. எலுமிச்சம்பழம் நான்கும் வைத்த இடத்திலேயே இருந்தன. சந்திரனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவன் இறங்கி, எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டினான்.

“முன்னுக்குப் போற கியர இந்த ஆளு பின்னுக்கு மாத்திப் பூட்டிட்டாரும்மா!”

மனிசி

லுணுகலை டீக்கடை வரை கதை போய்விட்டது, நான் பூட்டினால் கார் பின்னால்தான் ஓடுமென்று. தன் காரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் கராஜ் வாசலில் நின்றபடியே பேசினார். நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் வலித்தது.

“குறை நினையாதையும் தம்பி, வீட்டில மனிசி பயப்பிடுறா.”

வெண்ணெய்

நசுங்கியதை நானே தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன். சந்திரன் கொழும்புக்குப் போய் போன் எடுத்தான். கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறதாம், இப்படி ஒரு வேலையைக் கொழும்பிலும் பார்த்ததில்லையாம். அதை ஊரில் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

“அது எப்படிண்ணே சொல்றது? அப்புறம் பிழை என் மேலன்னு ஆயிருமே.”

அந்தக் கார் இன்று வரை ஒரு குறையுமில்லாமல் முன்னால்தான் ஓடுகிறதாம். என் கராஜ் வாசலில் இன்று காலையும் ஓர் ஓட்டோதான் நிற்கிறது.